தாளில் எழுதாமல் விட்ட நிகழ்ச்சி

1

போன வருடம் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, என் மகன் அகிலன் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையனின் தொடையில் கட்டையால் அடித்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. அடிபட்டவனுக்கும் ஐந்து.

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், கோழி வெட்டிப் பிரிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வரும் கோழியின் மூட்டில் கத்தியை வைத்துத் திருகித் தொடையைத் தனியாக எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் தொடைதான். இறக்கைக்கு வேறு ஆள் இருக்கிறான்.

மனைவி ரேவதி போனில் சொன்னாள். "ஏங்க, உடனே ஸ்கூலுக்கு வாங்க. அகி ஒரு புள்ளைய அடிச்சிட்டான். ஆம்புலன்ஸ் வந்து நிக்குது."

மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். பூட்ஸை மாற்ற மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பூட்ஸைத்தான் பார்த்தார். அதில் ரத்தம் காய்ந்திருந்தது. கோழி ரத்தம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கோழிக்கு அவர்கள் மொழியில் என்ன என்பது தெரியும், ரத்தத்துக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டும் வாயில் வரவில்லை.

எலும்பு முறியவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. அந்தப் பையன் மத்தேயோவின் அம்மா போனில் படம் காட்டினாள். தொடை கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. தலைமை ஆசிரியை எங்களை வியாழக்கிழமை வரச் சொன்னார். தமிழ் தெரிந்த ஒருவரையும் கூப்பிட்டு வைப்பதாகவும், தாளை மறக்காமல் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார்.

அது என்ன தாள் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2

நான் எட்டாவது வரை படித்தவன். அந்த எட்டாவதும் முழுசாக இல்லை. காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். கடலூரில் மீன் லாரிக்குக் கிளீனராக இருந்தேன். சிங்கப்பூரில் கப்பலுக்குத் துரு சுரண்டினேன். மஸ்கட்டில் ஒரு மேஸ்திரி கம்பியால் என் முதுகில் போட்டான். நானும் அதே கம்பியைப் பிடுங்கித் திருப்பிப் போட்டேன். அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டார்கள். பிறகுதான் புதுச்சேரியில் ரேவதியைக் கட்டினேன். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. அந்தக் கணக்கில் நான் மாப்பிள்ளையாக வந்து இறங்கியவன்.

தாள் கதை, அடிதடிக்கு முந்தின குளிர்காலத்தில் தொடங்கியது. வகுப்பில் பொம்மைகளுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. அகிலன் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, சின்னக் கிண்ணத்தில் பால் கொடுத்து, அது செத்துப்போய்விட்டது என்று அறிவித்திருக்கிறான். ஏன் செத்தது என்று டீச்சர் கேட்டதற்கு, பாட்டி சொத்துக்காகப் பாலில் விஷம் வைத்துவிட்டாள் என்று அவர்கள் மொழியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு பெண் குழந்தையை அறைந்தான். சீரியலில் ஒரே அறையை மூன்று தடவை காட்டுவார்கள் அல்லவா, அதே மாதிரி மூன்று தடவை அறைந்து, ஒவ்வொரு அறைக்கும் தன் முகத்தையும் திருப்பிக் காட்டியிருக்கிறான்.

அப்போது கொடுத்ததுதான் அந்தத் தாள். வாரத்துக்கு ஒன்று நிரப்ப வேண்டும். என்ன நிகழ்ச்சி, எவ்வளவு நேரம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது. கடைசிக் கட்டத்தில், பார்க்கும்போது குழந்தை எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். இன்னொரு தடவை பிள்ளைகள் மேல் கை வைத்தால் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதிப் போடுவோம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த அலுவலகம் வீட்டுக்கு வரும். பிள்ளை அந்த வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று பார்க்கும். எங்கள் அடுக்குமாடியில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளை அப்படிக் கூட்டிக்கொண்டு போனதை ரேவதி கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி ஒரு வழக்காகிவிட்டது.

முதலில் சீரியலை நிறுத்தச் சொன்னேன். ரேவதி ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

"உங்க நியூஸ் மட்டும் இன்னா சாமி பாட்டா? நேத்து ஒருத்தன நடுரோட்டுல வெட்டுறத நாலு தடவ போட்டான். ஓடுறவன சுத்தி செவப்புல வட்டம் வேற போட்டுக் காட்டுறான்."

"அது நடந்தது. ஒன்னோடது நடக்காதது."

"ஓகோ. நடந்தத பாத்தா புள்ளைக்கு நல்லது, அப்படித்தான?"

இரண்டையும் நிறுத்தினோம். இந்த நாட்டு டிவியில் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் வரும். அதற்குள் பத்து, பன்னிரண்டு, பதினாறு என்று எண் இருக்கும். அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்கக் கூடாது. நம் சேனல்களில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் கீழே எச்சரிக்கை ஓடும். வெட்டினால் ஒன்றும் ஓடாது. அதனால் எங்கள் வீட்டு வட்டத்தை நாங்களே போட்டுக்கொண்டோம். ரேவதி நோட்டு வைத்து எழுதினாள். சினிமாவில் பாட்டு மட்டும் பார்க்கலாம், சண்டை கூடாது. மாமியார் வருகிற எதுவும் கூடாது. கார்ட்டூனில் ஒரு பூனை இருந்தது. அதன் மேல் ரயில் ஏறும், அம்மி விழும், அது அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும்.

"இது?" என்றாள்.

"எழுந்து ஓடுதுல்ல? இருக்கட்டும்," என்றேன்.

பூனை பாஸாகிவிட்டது.

மூன்று மாதம் தாள் சுத்தமாகப் போனது. கடைசிக் கட்டத்தில் எல்லா நாளும் 'நன்றாக இருந்தான்' என்று ரேவதி ஒரே மாதிரி எழுதினாள். தலைமை ஆசிரியை எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். இன்னொன்றும் நடந்தது. சீரியல் நின்றதும் அகிலனின் தமிழும் நின்றுபோனது. அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி விஷம், சொத்து, துரோகி, உன்னை சும்மா விடமாட்டேன் என்பதுதான். அதுவும் போய்விட்டது. நான் தமிழில் கேட்பேன், அவன் அவர்கள் மொழியில் பதில் சொல்வான். நான் அந்த மொழியில் பேசினால் சிரிப்பான். பெற்ற பிள்ளை என் வாயைப் பார்த்துச் சிரிப்பது, மஸ்கட்டில் வாங்கிய கம்பி அடியைவிட ஒரு படி கூடத்தான் வலித்தது.

3

வியாழக்கிழமை வரை தலைமை ஆசிரியை காத்திருக்கவில்லை. நடந்ததைத் திங்கட்கிழமையே ரேவதியிடம் சொல்லிவிட்டார். அவள் பிரெஞ்சு மொழியில் கெட்டிக்காரி. கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

மணல் விளையாடும் இடத்தில் அகிலன் மத்தேயோவை மல்லாந்து படுக்கச் சொன்னான். கை இரண்டையும் விரித்து வைத்தான். மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் சொன்னான். தோட்டத்து மண்வாரியின் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு தொடையில் ஓங்கிப் போட்டான். பையன் அலறும்போதே வண்ணம் தீட்டும் மேசைக்குப் போய், சிவப்பு டப்பாவில் இரண்டு கையையும் முக்கி, லினா என்ற சிறுமியின் தலைமுடியில் பூசி, அதைச் சுருட்டிக் கொண்டை போட முயன்றிருக்கிறான். அந்தப் பெண் ஏதோ அலங்கார விளையாட்டு என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஓடிவந்து பார்த்தபோது ஒரு பக்கம் அலறும் பையன், ஒரு பக்கம் தலையெல்லாம் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்.

ரேவதி சொல்லி முடித்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வீடு வந்து கதவைச் சாத்தியதும் அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் காலையில் படுகளம் நடக்கும். களத்து மேட்டில் மண்ணால் ஒரு ராஜாவைச் செய்து மல்லாத்திப் படுக்க வைப்பார்கள். நாலு ஆள் நீளம் இருக்கும். கண்ணை உருட்டிக்கொண்டு, மீசை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அதைச் சுற்றி ராஜா வேஷக்காரரும் கதாயுதம் வைத்திருக்கும் வேஷக்காரரும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். மண் தொடைக்குள் புதைத்திருக்கும் சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறும். அதைத் தொட்டு அம்மன் வேஷக்காரர் விரிந்து கிடந்த கூந்தலை முடிவார். பெண்கள் குலவை போடுவார்கள். கைப்பிள்ளை முதற்கொண்டு ஊரே நிற்கும். எந்தப் பிள்ளையையும் யாரும் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னதில்லை.

சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற என் தம்பி ராஜவேலு வருடா வருடம் இதை நேரலையில் போடுவான். அவன் கால் தாங்கி நடப்பவன். கூட்டத்தோடு ஓட முடியாது. அதனால் ஒரு ஸ்டாண்டு வாங்கி, களத்தின் ஓரத்தில் போனை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். அங்கே பத்தரை என்றால் இங்கே ஏழு மணி. அந்த ஞாயிற்றுக்கிழமை அகிலனை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு, பெரிய டிவியிலேயே போட்டேன். நாலு தமிழ் வார்த்தை காதில் விழட்டும் என்றுதான். கூந்தல் முடிந்ததும் நேரலை நின்றுவிட்டது. சாயங்காலத் தீமிதிக்குச் சார்ஜ் வேண்டுமென்று ராஜவேலு எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவான்.

தாளில் அதை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று எழுதாமல் விடவில்லை. எங்களுக்கு அது டிவி நிகழ்ச்சியாகவே படவில்லை. அது சாமி காரியம். ரேவதி குளித்துவிட்டு வந்து டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அகிலனை நிறுத்திக் கேட்டேன். "ஏன்டா அடிச்ச?"

"அவன்தான் படுத்தான்," என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு தமிழில் பேசினான். "படுத்தா அடிக்கணும்ல?"

என் கை ஓங்கிவிட்டது. ரேவதி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிங்க. நாளைக்கு அதையும் போய்ச் சொல்லுவான். தாள்ல எழுத இன்னொண்ணு ஆச்சு."

4

இதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

எனக்கு ஏழு வயது, ராஜவேலுவுக்கு நாலு. அந்த வருடப் படுகளத்தை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அடி விழுந்ததும் ராஜா வேஷம் கட்டிய பக்கிரி சாய்ந்தார். பக்கிரி கொத்தனார் வேலை செய்பவர். செத்துப்போனார் என்றே நினைத்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, அடித்தவர் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். முகச்சாயம் டீ கிளாஸில் ஒட்டியது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாள் அறுத்த வயலில் ராஜவேலுவைப் படுக்க வைத்தேன். நம்பிப் படுத்தான். மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் தூக்கி அடித்தேன். காம்பு எனக்குக் கனம். அதன் கனமும் சேர்ந்து இறங்கியது. பச்சைக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். இன்றைக்குக் கூடத்தில் கோழித் தொடையைத் திருகும்போது கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான் வரும்.

அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் ஓடினார். ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று கேட்டார்கள். "கெணத்து மேட்டுலேந்து விழுந்துட்டான்" என்றார். எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அதே காம்பால் என்னை அடித்தார். காம்பு உடைந்ததும் நிறுத்தினார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவும் விழுந்தான் என்றாள், ஊரும் விழுந்தான் என்றது, கொஞ்ச நாளில் நானும் அப்படியே சொன்னேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ராஜவேலுவின் வலது கால் மூன்று விரல்கடை குட்டை.

புதன்கிழமை இங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. எனக்கும் அன்று விடுப்பு. ராஜவேலுவின் கடைக்குப் போன் போட்டு அகிலன் செய்ததைச் சொன்னேன். உச்சுக்கொட்டினான்.

"அந்தப் புள்ளைக்கு எலும்பு ஒடஞ்சிதா?"

"ஒடையல. ராஜவேலு, இன்னொண்ணு சொல்லணும். ஒன் காலு..."

"என் காலுக்கு இன்னா?"

"நீ கெணத்து மேட்டுலேந்து விழல."

கடையில் யாரோ பேசும் சத்தம். "ஒரு நிமிசம் இருங்க சார், கிளாஸ் ஒட்டித் தந்துடுறேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒட்டியும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"தெரியும்ணா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அடி வாங்குனவன் நாந்தான. நாலு வயசுன்னா மறந்துடுமா?"

"இத்தினி வருசமா ஒரு வார்த்த கேக்கலையேடா."

"கேட்டு இன்னா பண்றது. அடிச்சது கூட ஜாஸ்தி ஞாபகம் இல்ல. நீ பக்கத்துல குந்திக்கிட்டு, 'எழுந்திருடா, டீ குடிக்கப் போவலாம், எழுந்திருடா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்த. அதான் ஞாபகம். ரொம்ப நேரம் சொன்ன."

அவனே கேட்டான்.

"நாளைக்கி ஸ்கூல்ல இன்னா சொல்லப் போற?"

"பார்க்குல பெரிய பசங்க அடிச்சிக்கிட்டத பாத்துட்டான்னு சொல்லலாங்கிறா ரேவதி. உண்மையச் சொன்னா புள்ளையவே எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயப்படுறா."

"அதான. கெணத்து மேடு," என்றான் ராஜவேலு.

5

தமிழ் தெரிந்தவர் என்று கூப்பிட்டிருந்தது ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை. தலைமை ஆசிரியை எங்கள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, இதில் எல்லாம் சரியாக இருக்கிறது, அப்படியானால் பிள்ளை இதை எங்கே பார்த்தான் என்று கேட்டார். ரேவதி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். மண் ராஜா, கதாயுதம், சட்டி, கூந்தல், எல்லாம் சொன்னேன். நான்தான் எழுப்பிக் காட்டினேன் என்றும் சொன்னேன். ரேவதியின் கை மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. பிறகு கிள்ளுவதை விட்டுவிட்டாள்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, இதை நான் எப்பிடிச் சொல்லுறது? கோயில் திருவிழா எண்டு சொல்லட்டோ, கொலை எண்டு சொல்லட்டோ?"

"ரெண்டையும் சொல்லுங்க."

சொன்னார். தலைமை ஆசிரியை ஒரு வெற்றுத் தாளை எடுத்து, ஞாயிறு என்று போட்டு, நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டு எழுதினார். நேரம் எழுதினார். பக்கத்தில் இருந்தது அப்பா என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாக்கேக்கை பிள்ளை எப்பிடி இருந்தவன் எண்டு கேக்கினம்."

யோசித்தேன். பயந்தானா, சிரித்தானா, என் சட்டையைப் பிடித்தானா. முக்கால் மணி நேரம் என் மடியில்தான் இருந்தான்.

"தெரியாதுங்க. நான் டிவியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அலுவலகத்துக்கு எழுதியே ஆக வேண்டும் என்றார்கள், எழுதினார்கள். பஸ்ஸில் ரேவதி என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரமும் பேசவில்லை. ஒரு பெண் அதிகாரி ஆறு மாதம் வீட்டுக்கு வந்து போனார். பிரிட்ஜைத் திறந்து பார்த்தார், படுக்கையைப் பார்த்தார், அகிலன் உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தார், படம் வரையச் சொன்னார். முதல் இரண்டு தடவையும் அவன் படுத்திருக்கும் ராஜாவையே வரைந்தான். ஒவ்வொரு தடவை அழைப்பு மணி அடிக்கும்போதும் ரேவதி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். குளிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. கோப்பை மூடிவிட்டார்கள். மத்தேயோ பத்து நாளில் சரியாகி எல்லாவற்றையும் மறந்துவிட்டான். அவன் அம்மா மறக்கவில்லை. எங்களைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுகிறாள். அது நியாயம்தான்.

6

இந்த வருடப் படுகளம் நேற்று நடந்தது. ராஜவேலு முந்தின நாளே கேட்டான். "லைவ் லிங்க் அனுப்பவா, வேணாமா?" ரேவதியைப் பார்த்தேன். "நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா போன வருசம் மாதிரி ஒக்காரக் கூடாது," என்றாள்.

காலை ஏழு மணிக்கு டிவியில் போட்டேன். அகிலனைச் சோபாவில் உட்கார வைத்தேன். நான் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். மேளச் சத்தம் மட்டும் எனக்குப் பின்னால் கேட்டது. யார் ஓடுகிறார்கள், யார் துரத்துகிறார்கள் என்பது அவன் கண் போகிற போக்கிலேயே தெரிந்தது. முதலில் வாயைத் திறந்து வைத்திருந்தான். பிறகு மூடிக்கொண்டான். மேளம் வேகமெடுத்தது. அவன் இரண்டு கையும் மெதுவாக இறங்கி, அவனுடைய தொடையையே பொத்திக்கொண்டன.

திரும்பிப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்தினேன்.

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்துவிட்டு, "அந்த ராஜா செத்துட்டாரா?" என்று கேட்டான். தமிழில்தான் கேட்டான்.

"இரு. சித்தப்பாவக் கேக்கலாம்."

கொஞ்ச நேரம் பொறுத்து, கூட்டம் கலைந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி, ராஜவேலுவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"ராஜா எங்கன்னு அகி கேக்குறான்டா."

"ராஜாவா? அதோ டீ குடிக்கிறாரு பாரு. தெரியலையா? இரு, கிட்டப் போறேன்."

ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றினான். இத்தனை வருடத்தில் அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை. களம், ஜனங்கள், டீக்கடை, கடைக்கு முன்னால் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பக்கிரியின் மகன், எல்லாம் எங்களை நோக்கி வந்தன. ஒவ்வொரு அடிக்கும் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் அதே பக்கமாகச் சாய்ந்தது.

"ஏன் இப்படி ஆடுது?" என்றான் அகிலன்.

"சித்தப்பாவுக்கு ஒரு கால் குட்ட."

"ஏன் குட்ட?"

ராஜவேலு நடப்பதை நிறுத்திவிட்டான். அவனுக்கும் கேட்டிருக்கும். படம் அசையாமல் நின்றது. நான் அகிலனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான் அடிச்சேன்."